கூண்டுக் கதவு

ஆகஸ்ட். வெளியே முப்பது டிகிரி.
எட்மண்டன் தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது.
உள்ளே எனக்குக் கம்பளிச் சட்டை, கையுறை, முகக்கவசம்,
கழுத்தில் ஓர் அட்டை:
ஓரஸ்ட் டானிலுக். தண்டனைக் கூண்டு.

பதினேழு வருடமாக இதுதான் வேலை.
தப்பாட்டம் ஆடியவன் வருவான், திறப்பேன்.
இரண்டு நிமிடம் உட்காருவான்.
கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் திறப்பேன், பாய்வான்.
நடுவில் நான் இருப்பது யாருக்கும் தெரியாது.
நல்ல கதவுக்கு அதுதான் இலக்கணம்.

மார்ச்சில் நின்ற பருவத்தை
கோடையில் மறுபடி தொடங்கினார்கள்.
விடுதியைச் சுற்றி வேலி,
வேலிக்குக் கறுப்புத் துணி.
தினமும் மூக்கைக் குச்சியால் குடைந்து
‘இல்லை’ என்று வந்தால் ஆடலாம்.
‘உண்டு’ என்று வந்தவன்
எந்த மாடியில் இருக்கிறான் என்று கேட்கக் கூடாது.

என் வீடு இங்கிருந்து நாற்பது நிமிட நடை.
ஞாயிறுதோறும் டார்கா வண்டியில் வந்து
இரண்டு முறை ஹார்ன் அடிப்பாள்.
பன்னிரண்டாம் மாடியிலிருந்து
வண்டியின் கூரை மட்டும் தெரியும்.
கழுவவே மாட்டாள்.

பதினெட்டாயிரம் நாற்காலி, ஒன்றிலும் ஆளில்லை.
ஒலிபெருக்கியில் போன வருடத்துக் கூச்சல்.
கோல் விழுந்து அரை நொடி கழித்துத்தான்
அதற்குச் சந்தோஷம் வருகிறது.
அதை நிறுத்தினால்
இரும்பு பனியைக் கிழிப்பது கேட்கும்,
பக் பலகையில் மோதுவது கேட்கும்,
இத்தனை காலம் ஆரவாரம் மூடி வைத்திருந்த
வசவுகள் கேட்கும்.
கியூபெக் பையன்கள்
மாதா கோயில் சாமான் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டுகிறார்கள்.

முதல் நாள் ஆட்டம்.
கைகுலுக்கக் கூடாது, ஆறடி தள்ளி நிற்க வேண்டும்,
தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுத வேண்டும்.
நாற்பதாவது நொடியில் இருவர்
கையுறையை உதறிவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.
குத்தக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
ஒருவன் மூச்சு இன்னொருவன் முகத்தில்.
நடுவர் பிரித்தபோது
உடனே விட இருவருக்கும் மனமில்லை.
எனக்கு அப்படித் தோன்றியது. தப்பாகவும் இருக்கலாம்.

ராய்விஸ் என் கூண்டுக்கு அடிக்கடி வருபவன்.
லாட்வியாக்காரன்,
காலில் மட்டையைக் கோத்து இழுப்பதில் கெட்டிக்காரன்.
முன்பெல்லாம் வந்ததும் கதவை உதைப்பான்,
நடுவரின் அம்மாவை விசாரிப்பான்.
மூன்றாம் வாரம் வந்து சும்மா உட்கார்ந்தான்.

பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
“மகள் பிறந்துவிட்டாள். ரீகாவில். போனில் பார்த்தேன்.
பாதியில் படம் உறைந்துவிட்டது.
தலை மட்டும் வெளியே.
பதினோரு நிமிடம் அப்படியே.”

“பிறகு?”

“அழுகை முதலில் வந்தது. படம் பின்னால் வந்தது.”

எங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு.
தோளைத் தட்டலாம் என்று எழுந்த கை
தாழ்ப்பாளில் போய் உட்கார்ந்தது.
“எத்தனை கிலோ?” என்றேன்.
அவ்வளவுதான் தோன்றியது.

“மூன்று நானூறு,” என்றான்.
பிறகு கண்ணை மூடினான்.
ஆறு. ஐந்து. நான்கு.
பூஜ்யம்.

நான் திறக்கவில்லை.

ஒரு நொடி. இரண்டு. மூன்று.
எதிர்ப்பக்கத்திலிருந்து பயிற்சியாளர் கத்தியது
காலி அரங்கில் தெளிவாகவே கேட்டது.
பிறகு திறந்தேன், போனான்.

மறுநாள் கடிதம் வந்தது.
கதவு மூன்று நொடி தாமதம், விளக்கம் தேவை.
‘பனி படிந்து தாழ் சிக்கிக்கொண்டது’
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் அணி அடுத்த சுற்றில் தோற்றது.
போகும்போது என் பக்கம் வந்து
மட்டை நுனியால் தடுப்பை இரண்டு முறை தட்டினான்.
மகள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

கோப்பை யாருக்கோ போனது.
ஐம்பத்தெட்டாம் நாள்
பெட்டியோடு வேலி வாசலுக்கு வந்தேன்.
காவலாளி கதவைத் திறந்து பிடித்தார்.
நான் நின்றுகொண்டே இருந்தேன்,
கண் எங்கோ கடிகாரத்தைத் தேடியது.

“போங்க ஐயா,” என்றார்,
“அந்த அழுக்கு வண்டி உங்களுக்குத்தானே.”